ஒலேட்டா வீட்டுக் கூரைமேல் கேட்ட சத்தம்

ஒலேட்டா டாக்கெட் என்றால் ஊரில் எல்லோருக்கும் பஸ்தான் முதலில் ஞாபகம் வரும். ஓக்லஹோமாவின் மேற்குப் பக்கம், கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிற கார்வெல் ஊரில், இன்றைக்குத் தாடி வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேரை மூக்கொழுகப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனவள் அவள். பஸ்ஸுக்குள் யாராவது யாரையாவது கிள்ளிவிட்டால் வண்டியை ஓரமாக நிறுத்துவாள். கத்தமாட்டாள். "செஞ்சது யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களே சொன்னாத்தான் வண்டி நகரும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே காத்திருப்பாள். உண்மையில் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு கை அழுதுகொண்டே மேலே வரும்.

புருஷன் வெர்லின் செத்துப்போன பிறகு, முழங்காலும் தேய்ந்து, பஸ் ஓட்டுவதை விட்டாள். அப்புறம் அவளுக்கென்று இருந்தது சபையின் ஜெபச் சங்கிலிதான். யாருக்காவது காய்ச்சலோ, கன்று செத்ததோ, மகன் பட்டாளத்துக்குப் போகிறானோ, முதலில் ஒலேட்டாவுக்குப் போன் வரும். அவள் அடுத்தவருக்குச் சொல்வாள், அவர் அவருக்கு அடுத்தவருக்கு. கடைசி ஆள் கிழவர் க்ளீட்டஸ். அவர் திரும்ப ஒலேட்டாவைக் கூப்பிட்டு, தன் காதுக்கு வந்ததை அப்படியே படித்துக்காட்டுவார். வழியில் மூட்டுவலி மாரடைப்பாக மாறவில்லை என்று பார்த்த பிறகே, "முழுசா வந்துருச்சு" என்பாள். அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் வீட்டில் முழங்கால் போடுவார்கள். அந்தச் சங்கிலியில் வருகிற வார்த்தையை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த வருஷம் மே மாதம் ஆலங்கட்டி மழை கொட்டியது. வடக்குத் தெருவில் கோழிமுட்டை அளவு கல். கார்க் கண்ணாடிகள் நொறுங்கின. ஒலேட்டா இருந்த தெற்குத் தெருவில் பட்டாணி மாதிரி விழுந்து புல்லில் உருண்டு கரைந்துபோனது.

மழை விட்டதும் ஊருக்குள் கூரைக்காரர்கள் வந்திறங்கினார்கள். எல்லாம் வெளி மாநில வண்டிகள். அவர்களில் ஒருவன் ஒலேட்டாவின் கதவைத் தட்டி, தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டு நின்றான். பெயர் டிரென்ட் என்றான்.

"அம்மா, கூரையப் பாத்தீங்களா?"

"என் முழங்காலுக்கு ஏணி ஆகாது தம்பி. இந்தப் பக்கம் கல்லு சின்னதாத்தான் விழுந்துச்சு."

"கீழருந்து பாத்தா எல்லாம் நல்லாத்தாம்மா தெரியும். நான் ஏறிப் பாக்குறேன், காசு வேணாம். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் ஜெபம் பண்ணிக்கலாமா? ஜெபம் பண்ணாம நான் எந்த ஏணிலயும் கால் வைக்கிறதில்ல."

வாசலிலேயே இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார்கள். அவன் வெர்லினின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவனுக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னான். ஒலேட்டாவுக்குக் கண் நிறைந்தது.

கார்வெலில் ஒருவனோடு கைபிடித்து ஜெபித்துவிட்டால் பிறகு அவனிடம் லைசென்ஸ் கேட்கமுடியாது. எந்த ஊர், முன்னே யார் வீட்டுக்குக் கூரை போட்டாய் என்றும் கேட்கமுடியாது. கேட்டால் சற்று முன் சொன்ன ஆமேனைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. ஒலேட்டா கேட்கவில்லை. உள்ளே போய் அவனுக்கு ஐஸ் டீ கலக்கினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். கொஞ்சம் நிற்கும். நகர்ந்துபோய் இன்னொரு இடத்தில் டொக், டொக். ஒலேட்டா கரண்டியை நிறுத்தி மேலே பார்த்தாள். தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்க்கிறான் போலிருக்கிறது என்று நினைத்துச் சர்க்கரையைக் கலக்கினாள்.

அவன் இறங்கி வந்து போனில் படம் காட்டினான். தார் பூசிய ஓட்டில் வட்ட வட்டமாகக் கறுத்த காயங்கள்.

"அடக் கர்த்தரே!"

"நல்லவேளை நான் ஏறுனேன். எத்தன வருஷமா இன்சூரன்ஸ் கட்டுறீங்க?"

"கல்யாணம் ஆனதிலேர்ந்து. ஒருதடவகூடக் கேட்டு வாங்குனதில்ல."

"அப்ப இது உங்க காசுதாம்மா. கேக்க என்ன கூச்சம்? உங்க கையிலேர்ந்து ஒரு டாலர் வேணாம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அன்று மத்தியானமே ஒலேட்டா சங்கிலியில் போட்டாள். "தெற்குத் தெருக் கூரைகளுக்காக ஜெபிக்கவும். விசுவாசி ஒருவரைக் கர்த்தர் அனுப்பியிருக்கிறார்." கூடவே டிரென்டின் போன் நம்பர். க்ளீட்டஸ் திரும்பப் படித்துக்காட்டினார். நம்பரில் ஒரு எண்கூடப் பிசகவில்லை.

தெற்குத் தெருவே அவன் நீட்டிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. புயல் அடித்த சமயம் என்பதால் இன்சூரன்ஸ்காரர்களும் படத்தை மட்டும் பார்த்து முதல் தவணையை அனுப்பினார்கள். எல்லோரும் அந்தச் செக்கை அப்படியே டிரென்டிடம் கொடுத்தார்கள். முதலில் ஒலேட்டா வீட்டில் ஆரம்பிப்பதாகத்தான் சொன்னான்.

"வேணாம் தம்பி. பக்கத்து வீட்ல ஆர்லிஸ் கோம்ப்ஸ், அவர் சம்சாரம் நீவாவுக்கு நெஞ்சு சரியில்ல, மூக்குல குழாயோட இருக்கா. அவங்களுக்கு முதல்ல போடு" என்றாள்.

அவன் ஆட்கள் வந்து ஆர்லிஸ் வீட்டு ஓடுகளைப் பலகை தெரியும்வரை பிய்த்துப்போட்டு, மேலே நீலத் தார்ப்பாயை விரித்து ஆணி அடித்தார்கள். திங்கட்கிழமை வருகிறோம் என்றார்கள். திங்கட்கிழமை வந்தது. அவர்கள் வரவில்லை. அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்றது. அந்தப் பெயரில் ஆளே கிடையாது என்று போலீஸ்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

பட்டாணிக் கல் விழுந்த தெருவில் மட்டும் இத்தனை கூரைகள் எப்படிக் கெட்டன என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்புறம்தான் தோன்றியது. விசாரிக்க ஒரு அம்மாளை அனுப்புவதாகச் சொன்னார்கள். அவள் வருவதற்கு முந்தின நாள் ஆர்லிஸ் ஒலேட்டாவின் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு அந்தப் பொம்பள வருவா. கூரைமேல எந்தச் சத்தமும் நீ கேக்கல. அவ்வளவுதான்."

"கேட்டேனே ஆர்லிஸ். தட்டுன சத்தத்த உங்ககிட்டதானே முதல்ல சொன்னேன்."

"நீ டீ கலக்கிட்டு இருந்த. ரேடியோ பாடிட்டு இருந்துச்சு. உன் ரேடியோ என் வீடு வரைக்கும் கத்தும், எனக்குத் தெரியாதா?"

"அன்னிக்கு ரேடியோ போடல."

"போட்டதா வச்சுக்கயேன்!" ஆர்லிஸ் மேஜையைத் தட்டினார். சர்க்கரைக் கிண்ணம் குதித்தது. "என் தலைக்கு மேல தார்ப்பாய் படபடன்னு அடிச்சுக்குது. நீவா ஈர வாடையில மூச்சு வாங்க முடியாமக் கெடக்கா. ஆலங்கட்டின்னா மிச்சப் பணம் வரும், வேற ஆள வச்சுக் கூரைய மூடிருவேன். அவன் சுத்தியலால அடிச்சதுன்னா, குடுத்ததையும் கம்பெனிக்காரன் திருப்பிக் கேப்பான். யார் பேச்சக் கேட்டு அந்தப் பயல உள்ள விட்டேன் நான்? சொல்லு."

சிந்தின சர்க்கரையை ஒலேட்டா உள்ளங்கையால் கூட்டினாள்.

"நீதானே முதல்ல என் வீட்டுக்குன்னு சொன்ன. ரொம்ப நல்ல மனசு ஒனக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் வந்த அம்மாள் பெயர் கின்டானா. சிரித்த முகம். ஏணி போட்டுத் தானே ஏறினாள். இறங்கி வந்து கூரை ஓரத்துத் தகரத்தைக் கையால் தடவிக் காட்டினாள்.

"பாருங்கம்மா. ஓட்டுல இவ்வளவு பெரிய காயம். தகரத்துல ஒரு சொட்டைகூட இல்ல. தபால் பெட்டி, ஏசி பெட்டி எதுலயும் இல்ல. ஆலங்கட்டி இப்படி ஆள் பாத்து விழுமா?"

ஒலேட்டா தபால் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவன் மேல இருக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"அடுப்படில."

"ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

கின்டானா அவசரப்படுத்தவில்லை. பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. ரேடியோ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒலேட்டாவின் நாக்கு அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது.

"தட்டுனான்" என்றாள் கடைசியில். "வரிசையா தட்டுனான். பரிசோதனை பண்றான்னு நெனச்சேன்."

"ரொம்ப நன்றிம்மா."

"பக்கத்து வீட்டுக்கு மட்டும் ஏதாவது பண்ண முடியுமா? அந்தம்மாவுக்கு நெஞ்சு சரியில்ல."

"அது என் கையில இல்லம்மா" என்று சொல்லி அவள் ஏணியை மடக்கினாள்.

தெற்குத் தெரு முழுவதற்கும் பணம் நின்றது. கொடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். உண்மையைச் சொன்ன ஒலேட்டாவையும் கம்பெனி விட்டுவைக்கவில்லை. இனிமேல் உங்கள் வீட்டுக்கு இன்சூரன்ஸ் தர இயலாது என்று சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் அவரவர் வீட்டுப் பலகாரத்தை வைத்துச் சாப்பிட்டார்கள். எப்போதும் முதலில் காலியாகிற ஒலேட்டாவின் பீச் பழப் பலகாரத்தில் ஒருவரும் கரண்டி வைக்கவில்லை. மூடிய காகிதம் கிழியாமலே வீட்டுக்கு எடுத்துவந்தாள். போதகரின் மனைவி மார்தெல் கார் வரைக்கும் கூடவே வந்தாள்.

"சகோதரி, உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு வேணும். சங்கிலிய இனிமே நான் பாத்துக்கறேன்" என்று கையைத் தடவிக்கொடுத்தாள்.

அதன்பின் போன் அடிக்கவேயில்லை. ஒலேட்டா சில சமயம் அதை எடுத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்ப்பாள்.

இலையுதிர் காலத்தில், ஒரு மூட்டமான மத்தியானம், அது அடித்தது. க்ளீட்டஸ். சங்கிலியின் தலை மாறியதை யாரும் அந்தக் கிழவருக்குச் சொல்லவில்லை. எதுவும் வராத நாட்களை ஊருக்கு நல்ல நாட்கள் என்று அவர் நினைத்திருக்கலாம். மற்றவர்கள் அவரை விட்டுவிட்டு மார்தெல்லிடமே முடித்துக்கொண்டார்கள்; அன்றைக்கு யாரோ பழைய வழக்கத்தில் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஒலேட்டா, சங்கிலி வந்துச்சு. எழுதி வச்சிருக்கேன். இரு, கண்ணாடிய எங்க வச்சேன்... ம். 'நீவா கோம்ப்ஸுக்கு நிமோனியா. ஆஸ்பத்திரில சேத்திருக்கு. ஜெபிக்கவும். சகோதரி ஒலேட்டா டாக்கெட்டுக்காகவும் ஜெபிக்கவும். அயலாருக்கு விரோதமாப் பேசின கடின இருதயம் உடைந்து, அவர் மனந்திரும்பும்படியாக.' அவ்வளவுதான்."

கிழவர் மூச்சு விட்டார். பிறகு, "அட, ஒலேட்டா டாக்கெட்னா நீதானே?" என்றார்.

"நான்தான்."

"நீ என்னம்மா பேசுன?"

"திரும்ப ஒருதரம் படிங்க க்ளீட்டஸ். சரியா வந்துருக்கான்னு பாக்கணும்ல."

அவர் குரலை இறக்கி, தயங்கித் தயங்கி, மறுபடியும் படித்தார். ஒலேட்டா ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். மார்தெல்லின் பேச்சுநடை எங்கும் கலையாமல் அப்படியே இருந்தது.

"முழுசா வந்துருச்சு" என்றாள்.

போனை வைத்துவிட்டு, வலிக்கிற முழங்காலைச் சோபா ஓரத்தில் மெல்ல இறக்கினாள். நீவாவுக்காக நெடுநேரம் ஜெபித்தாள். அடுத்து வந்தது அவள் பெயர். அந்தப் பெண்ணைப் பற்றிக் கர்த்தரிடம் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தார்ப்பாய்மேல் அது விழுகிற சத்தம் இவள் வீடு முழுவதும் கேட்டது. அவளுடைய கூரை, அத்தனை அடி வாங்கியும், ஒரு சொட்டு ஒழுகவில்லை.