ஆறாம் ரூம் அக்காவின் நாற்காலி

ஆறாம் ரூம் அக்காவுக்கு மியூசியத்தில் பதினோரு வருட சர்வீஸ். காலை பத்து முதல் மாலை ஏழு வரை ஆறாவது அறையின் மூலையில் நிற்பதுதான் வேலை. யாரும் எதையும் தொடக்கூடாது, கோட்டைத் தாண்டி வரக்கூடாது, அக்கா உட்காரக்கூடாது. வலது முழங்கால் மூன்று வருடமாக அவளை நச்சரித்தது. அவளும் ஒரு நாற்காலி கேட்டு மூன்று வருடமாக ஆபீஸை நச்சரித்தாள். நாலு மனுவுக்கும் வந்தது ஒரே பதில்: அறையின் அழகு கெட்டுவிடும். அவளை வேலைக்கு அனுப்பிய கான்ட்ராக்ட் கம்பெனியோ, இன்னொரு மனு எழுதினால் வீட்டிலேயே நிம்மதியாக உட்காரலாம் என்றது.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கலைஞர் வந்து இறங்கினார். உழைப்பாளிகளைச் சுரண்டும் உலகத்தைக் கேள்வி கேட்கிற கண்காட்சியாம். செலவு முழுக்க ஒரு வங்கி ஏற்றுக்கொண்டது. ஆறாவது அறையின் நடுவில் அவர் வைத்தது என்ன தெரியுமா? ஒரு மர நாற்காலி! பக்கத்துச் சுவரில் சின்னதாக ஓர் அட்டை: ‘உட்கார அனுமதி இல்லாதவர்களுக்காக.’ அதற்குக் கீழே, ‘தயவுசெய்து உட்காராதீர்கள்.’

கொடுமையைப் பாருங்கள். இரண்டு மாதம் அந்த நாற்காலிக்கு அக்கா நின்றபடியே காவல் காத்தாள். வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்துக் கண்கலங்கிவிட்டு, அவளிடம் பாத்ரூமுக்கு வழி கேட்டார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பதிவேட்டுக்காரர் செய்ததுதான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. ஒவ்வொரு கலைப்பொருளுக்கும் நம்பர் கொடுத்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவைப்பது அவர் வேலை. ஒல்லியான, சாதுவான மனிதர். வாரம் தவறாமல் டார்ச்சோடு வந்து, மண்டிபோட்டு, நாற்காலியின் நாலு காலையும் பார்ப்பார்.

“முன்னங்கால்ல லேசா கீறல் விழுந்திருக்கு. உடனே சரி பண்ணணும், மியூசியத்தோட பொறுப்பு.”

“என் வலது காலும் போச்சு சார். அப்படியே இங்கயும் கொஞ்சம் டார்ச் அடிங்களேன்.”

“உங்களுக்குத்தான் நம்பர் இல்லையேக்கா” என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னதுதான். அக்கா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்காட்சி முடிந்தது. மர நாற்காலி மெத்தை வைத்த பெட்டியில் ஏறி, கடல் தாண்டி, அதே வங்கியின் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா நின்றுகொண்டே வழியனுப்பினாள்.

அவள் மகளுக்கு அச்சகத்தில் வேலை. அன்று ராத்திரியே அவளிடம், “அந்த அட்டை மாதிரியே ஒண்ணு அடிச்சுக் குடுடி” என்றாள்.

“எதுக்கும்மா வீண் வம்பு? வேலை போயிடும்.”

“இப்படியே நின்னா கால் போயிடும். எது முதல்ல போகுதுன்னு பார்த்துடுவோம்.”

மறுநாள் கேன்டீனிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டு, சுவரில் அட்டையை ஒட்டினாள்: ‘உட்கார்ந்திருக்கும் பெண். பிளாஸ்டிக் நாற்காலி, சீருடை, முழங்கால் வலி. கலைஞர் தன் பெயரைச் சொல்ல விரும்பவில்லை.’ பிறகு உட்கார்ந்தாள். அடடா, என்ன சுகம்!

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசர் இதைக் கண்காட்சிப் பிரிவின் வேலை என்று நினைத்தார். கண்காட்சிப் பிரிவு, டைரக்டர் நேரடியாக வைத்தது என்று நினைத்தது. வாயைத் திறந்து கேட்டால் கலை தெரியாதவர் என்று ஆகிவிடுமே! அட்டை ஒட்டியிருந்தால் அந்தக் கட்டடத்தில் ஒருவரும் கை வைக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாள் டைரக்டரே வந்துவிட்டார், கூடவே கண்காட்சிக்குப் பணம் கொடுத்த வங்கியின் மேடம். டைரக்டர் அட்டையைப் படித்தார். அக்காவைப் பார்த்தார். மறுபடியும் அட்டையைப் படித்தார். இன்றோடு வேலை காலி என்று அக்கா முடிவே கட்டிவிட்டாள்.

“பிரமாதம்!” என்றார் மேடம். “நாங்க வாங்கின மர நாற்காலியை விட இது ஆழமா இருக்கே. உங்க ஐடியாவா?”

டைரக்டரின் முகம் நாலு நிறம் மாறியது. “ஒரு வருஷமா திட்டம் போட்டுச் செஞ்சது மேடம்” என்று ஆரம்பித்தவர், கால்மணி நேரம் விளக்கினார். மனுவுக்கு நாலு தடவை மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட அதே ஆள்! மேடம் போனதும் பதிவேட்டுக்காரரைக் கூப்பிட்டு, “இதுக்கு ஏன் இன்னும் நம்பர் போடலை?” என்று எகிறினார்.

பதிவேட்டுக்காரர் படிவத்தோடும் டார்ச்சோடும் வந்தார். தினமும் தான் உட்கார்ந்து சாப்பிடுகிற கேன்டீன் நாற்காலி அவருக்கா தெரியாது? ஆனாலும் பேனாவைத் திறந்தார்.

“நாற்காலி, நல்ல நிலை” என்று எழுதினார். “பெண்... என்னக்கா எழுதட்டும்?”

“வலது முழங்கால் தேஞ்சுபோச்சுன்னு எழுதுங்க சார்.”

அவர் மண்டிபோட்டு டார்ச்சை அடித்தார். பதினோரு வருடத்தில் அந்தக் காலை இன்னொருவர் குனிந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் நிதானமாக எழுதினார்: ‘தேய்மானம். உடனே சரிசெய்ய வேண்டும். மியூசியத்தின் பொறுப்பு.’ மேடத்திடம் அளந்ததை வாபஸ் வாங்க முடியாத டைரக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

“வியாழக்கிழமை டாக்டர்கிட்ட போகணும்க்கா.”

“அன்னைக்கு நாற்காலி காலியா இருக்குமே சார்?”

“‘பழுதுபார்க்கப் போயிருக்கிறது’ன்னு ஒரு அட்டை வெப்போம். ரூல்படி அதான்.”

வியாழக்கிழமை மியூசியம் செலவில் அக்கா டாக்டர் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆறாவது அறையில் காலி பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து நாலு பேர் கண்கலங்கினார்களாம். அவளுக்குப் பதிலாக வந்த பெண், மூலையில் நின்றுகொண்டிருந்தாள்.