ஞாயிறு, நாலரை முதல் ஆறு வரை

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் மிகச் சின்னது. பட் என்று ஒன்று. மூச்சு விடுவதற்குள் இன்னொன்று. பிறகுதான் வாசனை வரும், புளிப்பும் தாரின் சூடும் கலந்து. இன்று காலை பிரிக்பீல்ட்சில் கோயிலுக்கு வெளியே யாரோ புதுக் காருக்குப் பூசை போட்டார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு கடந்துபோன என் காதில் அந்தச் சத்தம் விழுந்தது. கை தானாகப் பைக்குள் போய் ஒரு புத்தகத்தைத் தேடியது. அந்தப் புத்தகம் அக்காவுடையது. அது என் பையில் இருந்தது ஒரே ஒரு நாள்தான். கைக்கு அது இன்னும் புரியவில்லை.

அக்காவும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். என் ஐ.சி., அதாவது அடையாள அட்டை, குடிமக்களுக்கான நீலம். அவளுடையது சிவப்பு. அவள் ரப்பர்த் தோட்டத்தில், வேலையாட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தாள். தோட்டத்து எழுத்தரான கிராணி வந்து ஒரு தடித்த பேரேட்டில் அவள் பெயரை எழுதிக்கொண்டு போனார். அப்பாவுக்குத் தடித்த புத்தகமும் மையும் கால்சட்டை போட்ட மனிதரும் சேர்ந்தால் அதுதான் அரசாங்கம். பிள்ளையைப் பதிந்தாயிற்று என்று நிம்மதியாக ரப்பர்ப் பால் வடிக்க மரம் வெட்டப் போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான், அது, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக்கொட்டகையில் பால் ஊற்ற வேண்டிய பிள்ளைகளின் பட்டியல் என்று தெரிந்தது. நான் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்து தப்பித்தேன்.

ஐம்பத்தெட்டு வயதில் அக்கா இந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கலாம். இந்த நாட்டுக்காரி என்று சொல்லிக்கொள்ள முடியாது. குடியுரிமைக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறாள். வெளியே போவதென்றால் பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக மெல்லிய பயணப் புத்தகம் ஒன்று. அதில் ஒரு பக்கத்தில், திரும்பி உள்ளே வர அனுமதி. அந்த ஒரு பக்கம்தான் என்னை ஒரு மாதம் தின்றது.

ஆரம்பித்தது வேன் அண்ணன். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் அக்காவுக்கு வேலை. தினமும் அவர் வேனில்தான் போய்வருகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சிங்கப்பூர் பார்த்துவிட்டு வரலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். விடியுமுன் கிள்ளானில் கிளம்பி எல்லையில் இருக்கும் ஜொகூர் வரை வேன், பிறகு பேருந்தில் பாலத்தைக் கடந்து அந்தப் பக்கம், அன்றைக்கே வீடு. கேண்டீன் பெண்கள் ஆறு பேர் உடனே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஏழாவதாக அக்கா. எட்டாவதாக, அவளைத் தனியே விடப் பயந்து, நான்.

அவள் வீட்டு மேசையில் நாள்காட்டித் தாளைத் திருப்பிப்போட்டுத் திட்டம் எழுதினோம். பூந்தோட்டம், மீன் காட்சிசாலை, வாழையிலைச் சாப்பாடு என்று வேன் அண்ணன் சொல்லிக்கொண்டே போனார். அக்கா தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம ராகு காலம் நாலரையில இருந்து ஆறு. திரும்பி வர்றப்ப அந்த நேரத்துல நான் கவுண்டர்ல நிக்க மாட்டேன்."

"யக்கா, ராகு காலம் பாத்தா இமிகிரேஷன் நடத்துறான்?" என்றார் வேன் அண்ணன்.

"அவன் பாக்க வேணாம். நான் பாக்குறேன் லா."

"அப்ப ஆறு மணிக்கு மேல வருவோம்."

"ஆறுக்கு மேல பாலம் முழுக்க ஜேம். நாலு மணிக்கே உள்ள வந்துடணும். மீனெல்லாம் வேணாம், வெட்டு."

"மீனு பாவம்க்கா, ஒங்களுக்காகக் குளிச்சு ரெடியா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் ராகுவுக்குப் பயந்தாள். நான் பயந்தது கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாத ஓர் ஆளுக்கு. அவன் அந்தப் பக்கத்தைப் புரட்டுவான். இன்னொரு முறை புரட்டுவான். எழுந்து உள்ளே போவான். அதற்குமேல் என்னால் நினைக்க முடிந்ததில்லை. மோனோரயில் என் ஜன்னலைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் அவன் எழுந்து உள்ளே போனான்.

அக்கா வீட்டிலேயே புத்தகத்தைத் திறந்து, அனுமதி முடியும் தேதியைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். படம் பிடித்து வைத்தேன். போதாமல் அந்தப் படத்தை ஐந்து நகல் எடுத்தேன். நகல் கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.

"என்னக்கா, கோர்ட்டு கேஸா?"

"சிங்கப்பூர் ட்ரிப்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நகல்களை உறையில் போட்டுக் கொடுத்தார்.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அவளுக்குப் போன் போட்டேன். "அக்கா, மலாக்கா போவோமா? கிட்டக்க. நல்லாவும் இருக்கும்."

"மலாக்காவுல எங்கடி பார்டர் இருக்கு?"

"பார்டர் எதுக்கு உனக்கு?"

"இந்த ஊரு வெளிய இருந்து பாத்தா எப்டி இருக்கும்னு பாக்கணும். பொறந்ததுல இருந்து உள்ளுக்குள்ளயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"திரும்ப உள்ள விடலன்னா?"

அவள் குழாயை இறுக்கி மூடும் சத்தம் கேட்டது. "நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அவளைக் கூப்பிடப் போனபோது, இருட்டில் வாசல் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கிளம்புகிறவள் யாராவது அந்நேரத்தில் துவைப்பாளா?

"வேணும்னுதான் போட்டேன்" என்றாள். "எடுத்து மடிக்க ஆளு வேணும்ல. வந்துதானே ஆகணும்."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள், தன் பை கிழிசல் என்று. வேன் எலுமிச்சம்பழங்கள் மேல் ஏறியது. பட். பட்.

போவது சுலபமாக இருந்தது, கதவு வெளிப்பக்கம் திறப்பதுபோல. ஜொகூரில் முத்திரை, பாலம், அந்தப் பக்கத்தில் இன்னொரு முத்திரை. பூந்தோட்டத்தில் அக்கா இரும்பு மரங்களை அண்ணாந்து பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மற்றவர்கள் கடைகளுக்குப் போனபோது அவள் என்னை இழுத்துக்கொண்டு பாலத்துக்குப் பக்கத்தில் நீர்க்கரைக்கு வந்தாள். எதிரே ஜொகூர். சாம்பல் நிறத் தண்ணீர், அடுக்குமாடிகள், ஒரு பலகணியில் சிவப்பாக ஏதோ ஆடிக்கொண்டிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீந்தித் தொட்டுவிடலாம் போலிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து, "நம்ம பக்கம் மழ வருதுடி. துணி நனையும், வா போவோம்" என்றாள்.

மழை நிஜமாகவே வந்தது. பேருந்து வரிசை நகரவில்லை. பாலத்தின் நடுவில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். நான் நகல்களை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். என் உதடு அசைவதைப் பார்த்து, மந்திரம் சொல்கிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டாளாம். இன்றைக்கும் அவள் வாசல் கொடியில் துணி காயப்போடும்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

ஜொகூர் குடிநுழைவு மண்டபத்துக்குள் நுழைந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஐந்து பத்து. ராகு காலத்தின் நட்ட நடுவில். வேன் அண்ணன் அக்காவைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் இடப்பக்கம், கடவுச்சீட்டை வைத்தால் தானாகத் திறக்கும் கதவுகள். அவளுக்கு மட்டும் வலப்பக்கம் கடைசியில், ஆள் உட்கார்ந்திருக்கும் கவுண்டர்.

"ஆறு மணி வரைக்கும் ஓரமா ஒக்காந்துக்கலாம்க்கா" என்றேன். "நான் கூட இருக்கேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த நீண்ட வரிசையைப் பார்த்தாள்.

"ராகுவுக்கு மட்டும் பாஸ்போர்ட்டா இருக்கு? அவனும் இந்த லைன்லதான் நிக்கணும். வரட்டும், சேந்து போறோம்."

புத்தகத்துக்காகக் கை நீட்டினாள். கொடுத்தேன். நகல்களையும் கொடுத்தேன், அவற்றைத் திருப்பி என் பைக்குள்ளேயே திணித்தாள். அவள் விரல்கள் என் கையில் பட்டன. துணி பிழிந்த கைபோல அவ்வளவு சில்லென்று இருந்தன. விடியுமுன் அவள் துவைத்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டடி போனவள் திரும்பினாள்.

"நீ அந்தப் பக்கம் போயி நில்லு. இங்கயே நின்னு என்னப் பாத்துக்கிட்டு இருக்காத. நான் பயந்துருவேன்."