மூன்றாம் பெட்டில் நான் கேட்ட கேள்வி

அந்தக் கேள்வியை நான் கத்திக் கேட்டிருக்கக் கூடாது. திருவண்ணாமலையில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் பல வருஷம் டெக்னீஷியனாக இருந்தவள் நான். என் வாய்க்குப் பூட்டு கிடையாது, வீட்டிலும் அப்படித்தான்.

மூன்றாம் பெட் தணிகாசலம் அடி அண்ணாமலையில் இளநீர்க் கடை வைத்திருந்தவர். சர்க்கரையில் கிட்னி போய், ஒண்ணுக்குப் போவதே நின்று, வாரம் மூன்று முறை வருவார். மெஷினில் நீரை எடுத்தால் கால் வீக்கம் வடியும். வயிறு மட்டும் குடம் மாதிரி நிற்கும். இன்னும் கொஞ்சம் எடுத்தால் பிரஷர் விழுந்துவிடும். எனக்கு எரிச்சல். எல்லாப் பெட்டும் நிரம்பியிருந்த ஹாலில் கேட்டேன்:

"இன்னாண்ணா, தண்ணி கிண்ணி அடிப்பீங்களா? ஈரல் கெட்டவன் வயிறு மாதிரி இருக்கே!"

ஹாலே சிரித்தது.

"சத்தியமா இல்ல சிஸ்டர். பீடிகூடத் தொட்டதில்ல," என்றார். முகம் சுண்டிப்போனது. நான் அடுத்த பெட்டுக்குப் போய்விட்டேன். டாக்டரிடம் வயிற்றைப் பற்றிச் சொல்லவும் மறந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் ஊசி போடும்போது தணிகாசலம் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார். என்னைத் தன் மகள் என்று நினைத்துக் கடையைப் பூட்டச் சொன்னார். கண் மஞ்சள். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். அவர் மனைவி செல்வி, பையிலிருந்து ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள். ஒரு மாதம் முன்பே வெளியே வேறொரு இடத்தில் எடுத்தது. ஈரல் சுருங்கிவிட்டதாக எழுதியிருந்தது.

"ஏம்மா மறைச்சீங்க?"

"பொண்ணுக்கு நிச்சயம் ஆயிருக்கு சிஸ்டர். ஈரல்னு தெரிஞ்சா குடிகாரன்னுதான் சொல்லுவாங்கன்னு இவரு யார்கிட்டயும் காட்ட விடல. நீங்களே அப்படித்தானே கேட்டீங்க?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடிச்சாத்தான் ஈரல் கெடும்னு இல்லம்மா. சர்க்கரை, கொழுப்பு ஜாஸ்தியானாலும் கெடும். இனி கிட்னி மட்டும் வெச்சா உடம்பு தாங்காது. ரெண்டும் சேர்த்து மாத்தணும்."

சென்னை ஆஸ்பத்திரியில் பதிவு செய்தார்கள். மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து, ரத்த வகை பொருந்தி, ஈரலும் கிட்னியும் ஒன்றாகக் கிடைக்க வேண்டும். அதற்குள் அவர் தாங்க வேண்டும். செல்வியின் போன் அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும். எடுத்தால் லோன் வேண்டுமா என்று எவனாவது கேட்பான். "வைடா போனை!" என்று நானே பிடுங்கிக் கத்தியிருக்கிறேன்.

ஒரு நாள் காலை, அவர் மெஷினில் ஏறி ஒரு மணி நேரத்தில் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. உடனே கிளம்பச் சொன்னார்கள். மெஷினில் இருந்த ரத்தத்தைத் திருப்பி ஏற்றி, ஊசியை எடுத்து, குத்திய இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் சொல்ல முடிந்தது.

"அண்ணா, அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க."

"பொழச்சு வந்தா திட்டறேன் சிஸ்டர்," என்றார்.

அப்புறம் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆபரேஷன் முடிந்தது என்று செல்வி சொன்னாள். கண் திறந்தார் என்றாள். கிட்னி வேலை செய்கிறதா என்றால், ஒண்ணுக்கு வந்தால்தான் தெரியுமாம் என்றாள்.

பாழாய்ப்போன வாயை அடக்கப் பழகியது அப்போதுதான். புதிதாக வரும் பெண்களிடம் சொல்வேன்: குடியா, குடும்பமா, எதுவானாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு, காதோரம் கேளுங்கள். வெட்கப்பட்டவன் வியாதியை மறைப்பான்.

ஐந்தாம் நாள் தணிகாசலமே போன் செய்தார். திட்டவில்லை. குரல் தேம்பியது.

"சிஸ்டர், ஒண்ணுக்கு வந்துச்சு! மூணு வருசம் கழிச்சு! பை நெறஞ்சு மாத்துனாங்க!"