பெண்சாதியோடு ஒரே மேசையில்

மேசையில் ஆறு பேர். முதல் கதிரையில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு லொறிச் சாரதி. இரண்டாவதில் ஒரு பல் வைத்தியர். மூன்றாவதில் நான். நாலாவதில் தண்ணீர்ப் போத்தலோடு ஒரு வயது போன டேனிஷ் மனுசி. ஐந்தாவதில் ஹெட்போன் மாட்டிய ஒரு மாணவர். ஆறாவதில், எனக்கு நேர் எதிரே, என் மனைவி. சீட்டுப் போடுகிற டீலர்ப் பெண் கணக்கில் இல்லை. அவள் விளையாடவில்லை.

ஜூட்லாந்தில் ஒரு கடலோர ஊர். ஹோட்டலுக்குக் கீழே கசினோ. ஒடென்சேயில் இருந்து காரில் வந்திருந்தோம். கோடை லீவு, ஒரு கிழமை. மற்றச் சனம் ஸ்பெயினுக்குப் போகும், இல்லாவிட்டால் லண்டனுக்குக் கலியாண வீட்டுக்குப் போகும். நாங்கள் போக்கர் போட்டிக்குப் போனோம். அது மனைவியின் ஆசை. அவள் முதியோர் இல்லத்தில் வேலை. இடைவேளைகளில் போனைப் பார்த்துப் பழகினாள். பிறகு எனக்கும் பழக்கினாள். நான் யன்னல் செய்யும் தொழிற்சாலையில் நிற்கிறேன். எனக்குப் பழக நாள் எடுத்தது.

அந்தக் கிழமையில் மூன்று போட்டி. முதல் இரண்டிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முதலே வெளியே வந்துவிட்டோம். மூன்றாவது சனிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு நாற்பத்தெட்டுப் பேர் தொடங்கினார்கள். நாலு மணிக்குப் பன்னிரண்டு பேர்தான் மிச்சம், இரண்டு மேசையில். யார் எங்கே என்று சீட்டு எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் போட்டுவிட்டார்கள்.

ஒன்பது பேராகக் குறைந்தால் எல்லோரையும் ஒன்றாக இருத்துவார்கள். அதுதான் கடைசி மேசை. மனைவிக்கு அதில் இருக்கவேண்டும். காசு அவளுக்குப் பெரிதில்லை.

"முதலாவதாய் வரத் தேவையில்லை. அந்த மேசையிலை ஒருக்கால் இருந்தால் காணும்" என்று காரில் வரும்போதே சொன்னாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். ஒடென்சேயில் எங்கள் தமிழ்ச் சங்கத்தில் சனிக்கிழமைகளில் ஆம்பிளைகள் முந்நூற்றுநாலு விளையாடுவார்கள். இரண்டிரண்டு பேராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் கடதாசி ஆட்டம். "தங்கச்சி, இது உமக்கு ஓடாது, தேத்தண்ணியைப் பாரும்" என்று அவளை இருத்தவில்லை. நான் எனக்கு எதிரே இருத்தினேன். அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அவள்தான் என் கூட்டாளி.

முந்நூற்றுநாலில் ஒரு விஷயம் உண்டு. கூட்டாளி ஒரு பிடியைப் பிடித்தால் நீ அதை வெட்டக்கூடாது. வெட்டுகிற துரும்புச் சீட்டு கையில் இருந்தாலும் பொத்திக்கொண்டு இருக்கவேண்டும். வெட்டினால் பிறகு வீட்டுக்குப் போகும் வரைக்கும் பேச்சு விழும்.

கசினோவில் அந்தப் பழக்கம் என்னை விழுத்தியது.

எனக்கு இரண்டு ஏஸ் வந்தன. நடுவில் போட்ட ஐந்து சீட்டில் இன்னொரு ஏஸ். அந்தச் சீட்டுகளுக்கு அதைவிடப் பெரிய கை ஒருவருக்கும் வராது. மற்ற நாலு பேரும் சீட்டைப் போட்டு விலகிவிட்டார்கள். மனைவியும் நானும்தான் மிச்சம். அவள் மேசையை விரலால் தட்டினாள். காசு வைக்கவில்லை என்று அர்த்தம். இனி என் முறை. கடைசி முறை. நான் வைக்கவேண்டும்.

நானும் தட்டினேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை தானாகத் தட்டியது. பிறகு சீட்டைத் திருப்பினேன். மூன்று ஏஸ்.

"இது என்ன?" என்றார் தொப்பிக்காரர், டேனிஷில். "வெல்ல ஏலாத கை. ஒரு குரோனும் வைக்கவில்லை. ஏன்?"

மேற்பார்வையாளர் வந்தார். சாம்பல் கோட்டுப் போட்டவர். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கள் கணவன் மனைவியா?"

"ஓம்" என்றேன். பிறகு "யா" என்றேன்.

"ஏன் காசு வைக்கவில்லை?"

முந்நூற்றுநாலை டேனிஷில் சொல்ல எனக்கு மொழி காணாது. மனைவி சொன்னாள், நல்ல டேனிஷில்: "எங்கள் ஊர் ஆட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் எப்போதும் ஒரு பக்கம்."

"பார், அவளே சொல்கிறாள்!" என்று தொப்பிக்காரர் கையை விரித்தார். மாணவர் ஹெட்போனைக் கழற்றினார்.

மனைவியின் முகம் சிவந்துபோயிற்று. உதவி செய்யப் போய் இன்னும் இறுக்கிவிட்டாள்.

மேற்பார்வையாளர் முடிவைச் சொன்னார். நான் ஒரு சுற்று மேசையை விட்டு எழும்பி நிற்கவேண்டும். இன்னொரு தடவை ஒருவருக்கு ஒருவர் விட்டுக்கொடுத்தால் இரண்டு பேரும் வெளியே. பெயரும் எழுதப்படும். பிறகு உள்ளே வர முடியாது. வாசலில் எங்கள் அடையாள அட்டையைப் பதிந்து படமும் எடுத்திருந்தார்கள். வெருட்டு இல்லை என்று விளங்கியது.

அந்தச் சுற்றில் எனக்குரிய கட்டாயக் காசை டீலர் என் வில்லைக் குவியலில் இருந்து எடுத்தாள். நான் சுவரோடு நின்று பார்த்தேன்.

பிறகு பத்து நிமிட இடைவேளை விட்டார்கள். யன்னலடியில் மனைவி தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றாள். கடல் சாம்பல் நிறமாக இருந்தது.

"நான் உங்களிட்டைக் கேட்டனானே?"

"இல்லை."

"வீட்டிலை ரிமோட்டைக் கூட விட்டுத் தாறேல்லை. இஞ்சை வந்து என்ன தானதருமம்?"

"கை பழகிப்போச்சு."

"எல்லாரும் எங்களைக் கள்ளர் மாதிரிப் பாக்கினம். நான் அந்த மேசைக்குப் போனாலும் நீங்கள் தந்தது எண்டுதான் சொல்லுவினம்." கோப்பையைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, இனி நான் வந்தால் அடியுங்கோ. கண்ணை மூடிக்கொண்டு அடியுங்கோ."

"ஓம்."

"சும்மா ஓம் எண்டாதேங்கோ."

"அடிக்கிறன்."

திரும்ப இருந்தோம். அரை மணித்தியாலத்தில் பல் வைத்தியர் போனார். மற்ற மேசையிலும் ஒருவர் போனார். பத்துப் பேர் மிச்சம். இன்னும் ஒருவர் போனால் கடைசி மேசை. எல்லோரும் மெதுவாக ஆடினார்கள். மேற்பார்வையாளர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவருடைய சப்பாத்து கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

சீட்டு வந்தது. மனைவி தன் இரண்டு சீட்டையும் ஓரம் தூக்கிப் பார்த்தாள். பிறகு தன் வில்லைகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் முன்னுக்குத் தள்ளினாள். முழுவதும்.

தொப்பிக்காரர் சீட்டைப் போட்டு விலகினார். நான் என் சீட்டைப் பார்த்தேன். இரண்டு ராணி.

போட்டுவிடலாம். ராணிகளை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவள் தப்புவாள். வேறு யாராவது விழுவார்கள். அவள் அந்த மேசையில் இருப்பாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை.

நானும் முழுவதையும் தள்ளினேன். மற்றவர்கள் சீட்டைப் போட்டார்கள்.

சீட்டைத் திருப்பினோம். அவளிடம் ஏசும் ராஜாவும். இன்னொரு ஏஸ் அல்லது ராஜா வந்தால் அவள் பக்கம்.

முதல் மூன்று சீட்டு. ஒன்றும் இல்லை. நாலாவது ஒரு நாலு. வயது போன மனுசி போத்தலை இறுக்கிப் பிடித்தாள். ஐந்தாவது ஒரு பத்து.

நான் வென்றுவிட்டேன்.

ஆனால் இன்னும் முடியவில்லை. இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒரே உயரம். என்னுடையதைவிட அவளிடம் கூட இருந்தால் அந்த மிச்சத்தோடு அவள் இருப்பாள். குறைவாக இருந்தால் பத்தாவது ஆளாக வெளியே.

டீலர் என்னுடையதை முதலில் எண்ணினாள். இருபது இருபதாக அடுக்கினாள்.

"நாற்பத்தோராயிரம்."

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். மனைவி இரண்டு கையையும் மேசையில் வைத்தபடி இருந்தாள். டீலர் அவளுடையதை அடுக்கினாள். கடைசி வில்லையை வைத்தாள்.

"நாற்பதாயிரத்து ஐந்நூறு."