மசூதி வாசலில் ஊதிய தண்ணீர்

அப்பாவுக்கு என்ன வந்திருக்கிறது என்று எங்கள் தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். காய்ச்சல் இல்லை, வலியும் இல்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கு ஒன்றில் அவர் மேஸ்திரி. விடிந்ததும் கரலாக்கட்டை சுற்றி, பாலாற்று மணலில் வேகுவேகென்று நடந்துவிட்டு வந்துதான் வேலைக்குக் கிளம்புவார். சீமைக்குப் போக வேண்டிய தோல் மதராஸ் துறைமுகத்திலேயே தேங்கிப்போன வருடத்தில், அப்பேர்ப்பட்ட மனிதர் பாயோடு ஒட்டிக்கொண்டார். யாரை எப்போது வேலையிலிருந்து நிறுத்துவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. சாயங்காலம் முதலாளி கூப்பிட்டனுப்பினால் அவ்வளவுதான். அப்பா எப்படியோ வேலைக்கு மட்டும் போய்வந்தார். வீட்டுக்கு வந்தால் பாய்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் நாள் முழுக்கப் பாய்.

"ஆத்துப் பக்கமாவது போய்ட்டு வாயேன்" என்பாள் அம்மா.

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லடி. எழுந்துக்கத்தான் முடியல."

ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒருவர் இப்படித்தான் படுத்தார். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். அப்பா கண்ணயரும்போதெல்லாம் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பயம் பிடித்துக்கொள்ளும்.

தம்பி வீரிட்டு அழுதால் அம்மா அவனையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அந்தி நேரத்தில் மசூதி வாசலுக்குப் போவாள். தொழுகை முடிந்து வருகிறவர்கள் தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் நானே சொம்போடு போய் நின்றேன். முதலில் வெளியே வந்தவர் அப்பாவின் முதலாளி. என் அதிர்ஷ்டத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"இன்னாம்மா, யாருக்கு?"

"உங்க மேஸ்திரிக்கு. எங்கப்பா. எழுந்துக்கவே முடியல."

"அப்படியா? ரொம்ப நாளாவா?"

நோய் பெரிதாக இருந்தால் நன்றாக ஊதுவார் என்று எனக்குத் தோன்றியது.

"ஆமா, ரொம்ப நாளா. படுத்தே கெடக்குறாரு."

அவர் சொம்பை வாங்கிக்கொண்டார். பிறகு கண்ணை மூடி நிதானமாக ஓதி ஊதினார்.

வீட்டில் அப்பா சொம்பை வாங்கிக்கொண்டே, யார் ஊதியது என்று கேட்டார். பெருமையோடு எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மடமடவென்று குடித்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஓடினால்தான் அவரோடு போக முடிந்தது.

முதலாளி வீட்டு வாசலைக் கடந்தோம். திரும்பினோம். மறுபடியும் கடந்தோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார் அப்பா. கடைசியில் முதலாளி வெளியே வந்தார்.

"இன்னா மேஸ்திரி, ஒடம்புக்கு முடியலன்னு சொல்லிச்சே பொண்ணு?"

"சின்னப் பொண்ணு, எதையாவது ஒளறும் மொதலாளி. தெனமும் இப்பிடித்தான் நடப்பேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. தண்ணீர் பலித்துவிட்டது என்று குதிக்காத குறைதான். என் கையைப் பிடித்திருந்த அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது. ரொம்ப நாள் கழித்து இப்படி வேகமாக நடக்கிறாரல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.