ஒரு துண்டும் கழியாத சாரம்

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அவர் கடலுக்குக் கட்டிப்போன கட்டம்போட்ட சாரத்தை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தேன். அவர் படம் இருக்கிற மேசைக்கு விரிப்பாக்க, தையல்காரி செல்வியிடம் கொண்டுபோனேன்.

"மேசை சதுரம், சாரம் நீளம். மிஞ்சுறத வெட்டிரட்டா மைனி?" என்றாள்.

"ஒரு துண்டும் கழியக்கூடாது ஏளா. அவரு கட்டுனதுல்லா," என்றேன்.

செல்வி ஒரு நீளப் பேப்பரை எடுத்து மூலைக்கு மூலை படிக்கட்டு மாதிரி வெட்டி, ஒரு பாதியை ஒரு படி இறக்கிச் சேர்த்தாள். நீளம் குறைந்து அகலம் கூடி, சதுரமே வந்துவிட்டது!

சாரத்தையும் அப்படியே வெட்டித் தைத்தாள். துணுக்குகூடக் கீழே விழவில்லை. ஆனால் தையல் ஓடிய இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேரவில்லை.

செல்விக்கு முகம் வாடிவிட்டது. "கோணலாத் தெரியுதே மைனி, பிரிச்சிரட்டா?"

"விடு ஏளா. அந்த மனுசன் சட்டைப் பட்டனையே ஒரு நாளும் நேரா மாட்டுனதில்ல. அவருக்கு இதுதான் சரி."

இருவரும் சிரித்தோம். சிரித்தபடியே நான் அழுதும்விட்டேன்.

விரித்துப் படத்தை வைத்தாயிற்று. அதிலும் மேல் பட்டன் மாறித்தான் கிடக்கிறது. போட்டோ எடுத்தவராவது சொல்லியிருக்கலாமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.