இறங்கிய மந்திரியின் வாசலில் ஹமீது சாகிப்

மந்தைவெளி மின்சார ஆபீஸில் காலை வேலை தொடங்கியிருந்தது. லைன்மேன் முனுசாமி சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வந்து, "சார், நம்ம சாகிப் பூட்டாரு" என்றான். திருவல்லிக்கேணி வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. அலைந்தே அலுத்த மனிதருக்குச் சாவாவது சிரமமில்லாமல் வந்ததே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை பிறகுதான் வந்தது.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஹமீது சாகிப் எங்கள் பழைய மின்சாரக் கம்பெனியின் செயலாளர். நான் அவருக்குக் கீழே குமாஸ்தா. கம்பமும் கம்பியும் கம்பெனியுடையவை. வீதியும் லைசென்ஸும் சர்க்காருடையவை. மந்திரிசபை மாறினால் லைசென்ஸ் என்ன ஆகுமோ என்று முதலாளிகளுக்குக் கவலை. அந்தக் கவலையைச் சுமப்பதுதான் சாகிப்பின் உத்தியோகம்.

அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஆட்சி மாறியதும் ஊரே மாலையும் கையுமாகப் புதியவர்களிடம் ஓடும். இவர் ஓர் எலுமிச்சம்பழத்தோடு, பதவி இழந்த மந்திரியின் வீட்டுக்குப் போவார். தியாகராய நகரில் அப்படி ஒரு வாசலில் நானும் போய் நின்றேன். ஈ காக்கை இல்லை. முன்னாள் மந்திரியே காபி கொண்டுவந்து கொடுத்தார். திரும்பும்போது சாகிப், "இன்னா முதலியாரே, மூஞ்ச தூக்கி வச்சிகினு வர்ற? ஏர்றவனுக்கு நம்ம மொகம் ஞாபகம் இருக்காது. எறங்குனவன் மறக்கவே மாட்டான்" என்றார். வெயிலில் நடந்த எரிச்சலில் நான் வேகமாக முன்னே நடந்தேன்.

உலக யுத்தம் முடிந்தது. எங்களுக்குக் காபி கொடுத்த அதே மனிதர் மறுபடி மந்திரியானார். கம்பெனியைச் சர்க்காரே வாங்கிக்கொள்ளும் பேச்சும் வந்தது. ஆட்கள் அத்தனை பேரையும் பழைய சர்வீஸோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சாகிப் ஒரு ஷரத்து எழுதினார். மந்திரியும் சம்மதித்தார். ஆனால் மயிலாப்பூரில் டைரக்டர் வீட்டு மாடியில் கூடியபோது, அந்த ஷரத்தை எங்கள் முதலாளிகளே அடித்திருந்தார்கள்.

"விலை நன்னா வந்திருக்கு, ஹமீது. ஆள்களை இழுத்துண்டு பேரத்தைக் கெடுத்துடாதேள்" என்றார் டைரக்டர்.

சாகிப் கையெழுத்துப் போடாமல் எழுந்துவிட்டார். படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மந்திரி மாறுவான்னு தெரியும். நம்மாளுங்களே மாறுவாங்கன்னு நான் ரோசிக்கவே இல்ல, முதலியாரே."

அதன் பிறகு கோட்டைக்கு நடையாய் நடந்தார். சர்க்கார் தரப்பிலேயே அந்த ஷரத்தைக் கட்டாயமாக்க மந்திரி ஒப்புக்கொண்டார். ஆனால் செலவைக் காட்டி, மேல் உத்தியோகஸ்தர்களை மட்டும் எடுக்க முடியாது என்று வெட்கத்தோடு சொன்னாராம். சாகிப் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்று ஆபீஸில் மிட்டாய் வழங்கினோம். "துன்னுங்கப்பா, இனிமே உங்களுக்குச் சர்க்கார் சம்பளம்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். செயலாளரான அவரும் மேல் உத்தியோகஸ்தர்தான், அந்தக் கையெழுத்தில் அவர் வேலையே போய்விட்டது என்பது பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

நேற்று அவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். டைரக்டர்கள் யாரும் வரவில்லை. முனுசாமியும் மற்ற லைன்மேன்களும் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள்.

அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது இந்த வேலைதான். முதுகு வலிக்கிறது, புதிய அதிகாரிக்கு என் பெயர்கூடத் தெரியாது. பல நாள் விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் இருக்கிறது. ஆனால் இது அவர் தம் வேலையைக் கொடுத்து எனக்கு வாங்கிய வேலை. காலையில் எழுந்து போகிறேன்.